ஜீப் வாங்கப் போகிறீர்களா? வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்!

பெங்களூரில் இப்போது எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் கீழ்த்தளத்தில் இரண்டு மூன்று ஜீப் வகை வண்டிகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் தாசில்தாருக்கும் போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் காப்பித் தோட்டத்து முதலாளிக்கும் உரியதாக இருந்த வண்டி, இன்று ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் ஆசையாகிவிட்டது. சனிக்கிழமை விடிவதற்குள் சக்லேஷ்பூர், சிக்மகளூர், குடகு என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவன் என்பது தெரிந்த நண்பர்கள், சங்க விழாக்களில் என்னைப் பார்த்தால் உடல் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "தார் நல்லதா, ஜிம்னி நல்லதா, கூர்க்கா நல்லதா? பையன் பிடிவாதம் பிடிக்கிறான்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பத்துப் பதினைந்து லட்ச ரூபாய்க்கு மேல் போகிற விஷயம். ஐந்து வருஷமோ ஏழு வருஷமோ மாதத் தவணை. வாங்கின பிறகு மலையில் சிக்கிக்கொண்டாலும் தொல்லை, மலைக்கே போகாமல் சில்க் போர்டு நெரிசலில் மட்டும் ஓடினாலும் நஷ்டம். ஆகவே எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன். கம்பெனிப் பெயரைக் கேட்டு வாங்குவது வேறு, வண்டியைப் பார்த்து வாங்குவது வேறு. பெயர் பானெட்டின் மேலே இருக்கிறது. விஷயம் வண்டிக்கு அடியில் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னப் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், இது புரிந்தால் மற்றதெல்லாம் தானே புரியும்.

கார் ஒரு திருப்பத்தில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி வைத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியில் காட்டும் அந்த உருண்டையான ஹவுசிங்தான். ரயிலில் இந்தச் சமாசாரமே கிடையாது. ரயில் சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்துதான் சுற்றும். தண்டவாளத்தின் மேல் உருளும் பரப்பைக் கூம்பு போல லேசான சரிவாகக் கடைந்திருப்பதால், வளைவில் சக்கரம் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. நூறு பேரைக் கேட்டால் தொண்ணூறு பேருக்கு இது தெரியாது. ரயிலில் போகும்போது குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கார் டிஃபரன்ஷியலில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அந்தச் சக்கரம் எவ்வளவு குறைந்த எதிர்ப்பைக் கொடுக்கிறதோ, அந்த அளவு விசைதான் நல்ல தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் போகும். விளைவு, ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும். மற்றது சும்மா நிற்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியிலும் இந்தத் தொல்லை உண்டு. குண்டும் குழியுமான மலைப்பாதையில் முன்பக்கம் இடது சக்கரமும் பின்பக்கம் வலது சக்கரமும் ஒரே சமயத்தில் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் அசையாமல் நின்றுவிடும். அதைத் தீர்க்கத்தான் டிஃபரன்ஷியல் லாக். அதைப் போட்டுவிட்டால் காரின் அச்சு ரயில் அச்சு மாதிரி ஆகிவிடும். இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது விற்பனைப் பையன் தொடுதிரையையும் கூரை ஜன்னலையும் காட்டிக்கொண்டிருந்தால், "ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் மற்றச் சக்கரங்களுக்கு என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டாவது விஷயம் எடை. ரயிலில் எடைதான் பிடிப்பு. எங்கள் பழைய டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் 112.8 டன். இரும்பு மேல் இரும்பு உருளும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்குதான் இழுவையாகக் கிடைக்கும் என்பதால் எஞ்சினைக் கனமாகவே செய்கிறோம். மழையில் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுகிறோம். சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா வரை 55 கி.மீ. மலைப்பாதையில் ஐம்பது அடிக்கு ஓர் அடி ஏற்றம்; அதற்கே கூடுதல் எஞ்சின் வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. நம் ஊட்டி ரயிலில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்று ஏறுவதால் பல் வைத்த தண்டவாளமே போட்டுவிட்டார்கள். ரப்பர் டயருக்கு மூன்று அடிக்கு ஓர் அடி ஏறுவதும் முடிகிற காரியம். ஆனால் சேற்றிலும் மணலிலும் கதை தலைகீழ். அங்கே எடைதான் எமன். கனமான வண்டி தன் பாரத்தாலேயே புதைந்துபோகும். பின்னால் வந்த இலேசான வண்டி பக்கத்தில் போய்க்கொண்டேயிருக்கும்.

இனி வண்டிகளைப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் மூதாதை அமெரிக்க ராணுவ ஜீப். 1940ல் அமெரிக்க ராணுவம் கேட்டபடி, பான்டம் என்ற ஒரு சிறிய கம்பெனி 49 நாட்களுக்குள் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. எடை ஒரு டன்னுக்குச் சற்றே அதிகம், எஞ்சின் 60 குதிரைத் திறன், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம். இவ்வளவுதான். 1945ல் தொடங்கிய மகிந்திரா கம்பெனி நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்த வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்து, பிறகு தானே செய்யவும் ஆரம்பித்தது. சி.ஜே.3பி, அதற்கப்புறம் எம்.எம். 540, மேஜர், கமாண்டர் என்று வரிசையாக வந்தவை எல்லாம் அந்தக் குடும்பம்தான். எம்.எம். 540ல் போட்டது பிரெஞ்சு பூஷோ கம்பெனி வகை 2.1 லிட்டர் டீசல் எஞ்சின். திறன் சுமார் 60 குதிரைதான்.

இந்தப் பழைய ஜீப்பின் பெருமையைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். ஒன்று கொடசாத்திரி. நம்மவர்களில் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போகாத குடும்பம் குறைவு. அங்கிருந்து ஆதி சங்கரர் மண்டபம் இருக்கும் 1,343 மீட்டர் உயரக் கொடசாத்திரி மலைக்கு வாடகை ஜீப்பில் போவார்கள். கடைசிப் பகுதி பாதை என்று சொல்லத் தகுந்ததல்ல. மழை நீர் அறுத்த ஓடை. இன்னொன்று கொழுக்குமலை. தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம், ஏழாயிரம் அடிக்கு மேல். மலை தமிழ்நாட்டில் இருக்கிறது, வண்டிப் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. பெரிய பெரிய பாறைகளின் மேல் ஜீப் தவழ்ந்து ஏறும். இரண்டு இடத்திலும் டிரைவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது பழைய மகிந்திரா ஜீப்புகள்தான்.

வசதி இருந்தும் அவர்கள் ஏன் புது வண்டிக்கு மாறவில்லை என்று கேட்கலாம். சகாயமான காரணங்கள் உண்டு. குட்டையான வண்டி, குறுகிய வளைவில் திரும்பும். எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பிரிங் பட்டை முறிந்தால் மலையடிவார ஊரிலேயே மாற்றிவிடலாம். சக்லேஷ்பூர் மலைப்பகுதியில் மீட்டர்கேஜை அகலப் பாதையாக மாற்றும் வேலை நடந்த காலத்தில் நான் அங்கே சில வருஷங்கள் இருந்தேன். 57 குகைகள் உள்ள பாதை அது. பல இடங்களுக்கு ரோடு கிடையாது. காப்பித் தோட்டத்துப் பாதையில் ஜீப்பில் போய் இறங்கி, மீதி தூரம் நடக்க வேண்டும். அங்கே ஒரு மெக்கானிக், எழுதப் படிக்கத் தெரியாதவர், மரத்தடியில் சாக்கு விரித்து கியர் பாக்ஸ் முழுவதையும் பிரித்துப் பரப்பி, சாயங்காலத்துக்குள் பூட்டிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு போல்ட்கூட மீதமாகவில்லை. ரயில்வே ஒர்க்ஷாப்பில் அவர் இருந்திருந்தால் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்திருப்பார்.

பழைய ஜீப்பின் குறைகளையும் சொல்ல வேண்டுமே. முதுகெலும்பு இருப்பது தெரியாதவர்களுக்கும் தெரிய வைக்கும் வண்டி அது. சத்தம், அதிர்ச்சி, கனத்த ஸ்டீயரிங், மழையில் ஒழுகும் கித்தான் கூரை. ஏர் பேக் என்ற பேச்சே கிடையாது. பின்னால் எதிரெதிராக உட்காரும் பலகை சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் வேகமாகப் போவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். மலையில் அது ராஜா. நெடுஞ்சாலையில் அது ஆபத்து.

இதற்கு நேர் எதிரான குணம் மாருதி ஜிப்ஸிக்கு. 1985 கடைசியில் வந்தது. ஒரு லிட்டர்கூட நிரம்பாத 970 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 45 குதிரைத் திறன். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எடை ஒரு டன்னுக்கும் கீழே! அந்த இலேசுதான் அதன் பலம். 1996ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஜிப்ஸி கிங் வந்தது. 2000ல் அது 80 குதிரையாயிற்று. ராணுவமும் போலீசும் இமயமலைப் பந்தயக்காரர்களும் அதை விரும்பினார்கள். கார்பெட், ரந்தம்போர் காடுகளில் புலி பார்க்கப் போகிறவர்கள் உட்கார்ந்தது பெரும்பாலும் ஜிப்ஸியில்தான். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் என்பதால் குலுக்கல் அதிகம். பெட்ரோல் குடிக்கும். பாதுகாப்பு விதிகள் கடுமையானபோது 2019 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை முடிந்துவிட்டது. ராணுவத்துக்கென்று ஜபல்பூரில் நிஸ்ஸான் உரிமத்தில் செய்த ஜோங்கா என்ற பலசாலி வண்டியும் 1999ல் ஓய்வு பெற்றதை வயதானவர்கள் நினைவு வைத்திருக்கலாம். இவை இரண்டும் இப்போது பழைய வண்டியாக மட்டுமே கிடைக்கும்.

ஜிப்ஸியின் வாரிசுதான் 2023 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி. 1.5 லிட்டர் பெட்ரோல், சுமார் 105 குதிரை, எடை ஏறக்குறைய 1,200 கிலோ. லாரி மாதிரி சேஸிஸ், முன்னும் பின்னும் ஒரே துண்டு அச்சு. ஆனால் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். ஒரு பக்கச் சக்கரம் பாறையில் ஏறினால் மறு பக்கம் தானே கீழே அழுந்தித் தரையைப் பிடிக்கும் என்பது ஒரே துண்டு அச்சின் நற்குணம். எந்த ஜிம்னி வாங்கினாலும் ஃபோர் வீல் டிரைவும் லோ கியரும் உண்டு என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. பூட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு மற்றதற்கு விசையைத் திருப்பும் ஏற்பாடு இருக்கிறது. சாதாரணச் சேற்றுக்கு அது போதும். குறை என்ன? நான்கு பேரும் சாமான்களும் ஏறிவிட்டால் மேட்டில் எஞ்சின் கொஞ்சம் முனகும். டீசல் கிடையாது. நான்கு பேருக்குத்தான் இடம். நம் ஊரில் இதை "சின்ன வண்டி, விலை அதிகம்" என்று சொல்லி ஒதுக்கியவர்கள் பலர். ஆனால் குருகிராமில் செய்த இதே ஐந்து கதவு வண்டியை 2025ல் ஜப்பானில் விற்பனைக்கு அறிவித்தபோது, நாலே நாளில் சுமார் 50,000 பேர் பதிவு செய்துவிட, கம்பெனி முன்பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. உள்ளூர் மாட்டுக்கு வெளியூரில் விலை.

மூன்றாவது, பூனாவின் கூர்க்கா. ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்றால் பலருக்கு விளங்காது. பழைய பஜாஜ் டெம்போ என்றால் உடனே விளங்கும். நம் ஊர் பக்கம் மேக்ஸி கேப் என்று கூட்டம் கூட்டமாக ஆட்களை ஏற்றிப் போன டிராக்ஸ் வண்டியின் கம்பெனி. மெர்சிடிஸ் வழி வந்த 2.6 லிட்டர் டீசல் எஞ்சின். 2021ல் சுமார் 90 குதிரையாக இருந்ததை 2024ல் 140 ஆக்கி, ஐந்து கதவு வண்டியும் விட்டார்கள். கூர்க்காவின் சிறப்பு, முன் அச்சு பின் அச்சு இரண்டுக்கும் தனித்தனியே டிஃபரன்ஷியல் லாக், கம்பெனியிலிருந்தே. இரண்டையும் போட்டுவிட்டால் ஒரே ஒரு சக்கரம் தரையில் இருந்தாலும் வண்டி நகர முயற்சி செய்யும். நம் நாட்டில் இந்த விலையில் வேறு வண்டியில் இது கிடையாது. தரையிலிருந்து 233 மி.மீ. உயரம், 700 மி.மீ. ஆழத் தண்ணீரில் போகலாம் என்று கம்பெனியே சொல்கிறது. எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாயைக் கூரைப் பக்கம் வரை ஏற்றி வைத்திருக்கிறார்கள். சுத்தமான மலை வேலைக்கு மட்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, நெடுஞ்சாலையில் சொகுசு குறைவு. மாருதிக்கோ மகிந்திராவுக்கோ இருப்பதுபோல ஊருக்கு ஊர் சர்வீஸ் நிலையமும் கிடையாது. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் அங்கே அருகில் சர்வீஸ் எங்கே என்று விசாரித்துக்கொள்ளவும்.

நடுவில் நிற்பது தார். 2010ல் வந்த முதல் தார் பழைய ஜீப்பின் தம்பி. 2020 ஆகஸ்ட் 15 அன்று காட்டிய புதுத் தார் வேறு பிறவி. 2 லிட்டர் பெட்ரோலில் 150 குதிரை, 2.2 லிட்டர் டீசலில் 130 குதிரை. தரையிலிருந்து 226 மி.மீ., தண்ணீர் ஆழம் 650 மி.மீ. அதே வருஷம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. சில மாடல்களில் பின் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றினால் தானே பூட்டிக்கொள்ளும். மலைக்கும் போகும், ஆபீசுக்கும் போகும், ஏ.சி.யும் குளிரும், இந்த மூன்றையும் ஒரே வண்டியில் கொடுத்ததால்தான் அது இப்படி விற்றது. ஆனால் கவனியுங்கள்: 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸிலோ ஃபோர் வீல் டிரைவ் டீசலுக்கு மட்டும்தான். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தெருவில் வீரமாக நிற்கும் தார்களில் எத்தனையோ, சேற்றைப் பொறுத்தவரை நம் அம்பாசிடருக்கு அண்ணன் முறைதான்.

என் தம்பி மகன் மூன்று கதவு தார்தான் வேண்டும் என்று நின்றான். "பெரியப்பா, நீங்கள் சொன்னால் அப்பா ஒத்துக்கொள்வார்" என்று என்னைத் தூது விட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஷோரூமுக்கு அவன் அம்மாவையும் அழைத்து வரச் சொன்னேன். முன் சீட்டை மடக்கி, அந்த இடுக்கில் காலை மடித்துப் பின் சீட்டுக்கு ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரியான அவன் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை முயன்றுவிட்டு, "நான் ரயிலிலேயே வந்துக்கறேன்டா" என்றாள். பையன் முகம் போன போக்கு! அவன் ஓட்டும் தூரத்தில் பெரும்பகுதி கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வழியாக ஊருக்குப் போய் வருவது. மலைக்குப் போவது வருஷத்தில் நாலைந்து முறை. கடைசியில் ஐந்து கதவு வண்டியாகப் பார்த்து வாங்கினான். எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பணம் கொஞ்சம் அதிகம் உள்ளவர்கள் டொயோட்டாவைப் பற்றிக் கேட்கிறார்கள். மைசூர் ரோட்டில் நம் பிடதியில்தான் அந்தத் தொழிற்சாலை. 2000ல் குவாலிஸ் அங்கிருந்துதான் வந்தது. 2009ல் ஃபார்ச்சூனர், 2022ல் ஹைலக்ஸ். ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் டிரைவ் இரண்டு டன்னுக்கு மேல் எடை. முதலில் சொன்ன எமன் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நீடித்து உழைப்பதில் அதற்கு ஈடு குறைவு. விற்றாலும் நல்ல விலை கிடைக்கும். லேண்ட் ரோவர் 1948ல் இங்கிலாந்தில் பிறந்து, 2008 முதல் டாடாவுக்குச் சொந்தம். டிஃபென்டரின் விலை மிக அதிகம் என்பதால் அதைப் பற்றிப் பேசி இந்தப் பத்திரிகையின் காகிதத்தை வீணாக்க வேண்டாம்.

விலைபோகும் பெயர் என்று நம்பி வாங்கியவர்கள் அனுபவித்த இன்னொரு கஷ்டமும் உண்டு. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் மிட்சுபிஷி பஜேரோ செய்தார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு எண்டெவர் செய்தார்கள். இரண்டும் மலைப்பாதையில் கெட்டிக்கார வண்டிகள். மிட்சுபிஷி கார்கள் இங்கே விற்பனையில் இல்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பழைய வண்டி சல்லிசாகக் கிடைக்கிறதே என்று இவற்றை வாங்குகிறவர்கள் பாகம் கிடைப்பதை முதலில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கவும். பஞ்சாப், ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊரில் பழைய ராணுவ ஜீப் பாகங்களைச் சேர்த்துப் புதுசு போலச் செய்து தருவதும் பிரசித்தம். பார்க்க அழகுதான். ஆர்.சி. புத்தகமும் சேஸிஸ் நம்பரும் பொருந்தாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் வயசு கழிந்துவிடும். கம்பெனி செய்ததை மாற்றி அமைப்பது செல்லாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. முன்னால் இரும்புக் கம்பி கார்டு மாட்டுவதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. மோதலில் அது ஏர் பேக் சரியாக விரிவதையும் கெடுக்கும், எதிரில் நடந்து வருகிறவரையும் நசுக்கும்.

தண்ணீர் ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பெங்களூரில் அதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் எவ்வளவு பெரிய கார்களெல்லாம் மிதந்தன என்பது நினைவிருக்கும். கம்ப்யூட்டர்க்காரர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். டிராக்டர் மிதக்கவில்லை, கவனித்தீர்களா? காற்று இழுக்கும் வாய் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் எஞ்சினுக்குள் போனால், அழுத்த முடியாத தண்ணீரை அழுத்தப் பார்த்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நடுத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டினால்தான் இந்தச் செலவு கிடைக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கின பிறகு செய்ய வேண்டியது. தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றிலும் ஃபோர் வீலை வேண்டும்போது மட்டும் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் போட்டுக்கொண்டு திரும்பினால், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் இறுகும், டயர் கத்தும், பெரிய செலவு வைக்கும். சேறு, மணல், ஈரமான கல் பாதை, இவற்றுக்கு மட்டும் போடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் லோ முதல் கியரில் எஞ்சினே பிடித்துக்கொண்டு வரட்டும். எங்கள் ரயில் எஞ்சின்களும் மலையிறக்கத்தில் டைனமிக் பிரேக்கில்தான் வேகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகின்றன. மணலில் டயர் காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் அகலமாகப் படர்ந்து புதையாது. திரும்ப ரோட்டுக்கு வந்ததும் நிரப்பிவிட வேண்டும். அதற்கு பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். சரணாலயக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். தோட்டத்துப் பாதையும் யாரோ ஒருவருடைய சொத்து, கேட்டுவிட்டுப் போங்கள்.

யாருக்கு எது என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. இரண்டு பேர், மூன்று பேர், அடிக்கடி மலை, குறுகிய தெருவில் வீடு என்றால் ஜிம்னி. ஒரே வண்டியில் ஊரும் மலையும் என்றால் ஃபோர் வீல் டிரைவ் உள்ள தார் அல்லது ராக்ஸ். காப்பித் தோட்டமோ மலையடியில் நிலமோ உள்ளவர், வருஷம் முழுதும் சேற்றில் போகிறவர் கூர்க்காவைப் பார்க்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை கொடசாத்திரி போகிறவருக்கு எதுவும் வேண்டாம். தன் காரைக் கொல்லூரில் நிறுத்திவிட்டு, அந்தப் பாதையில் தினமும் ஏறி இறங்கும் டிரைவரின் ஜீப்பில் பங்கு போட்டு உட்காரட்டும். முன் சீட்டு கிடைக்க வேண்டுமானால் காலையில் சீக்கிரம் போக வேண்டும்.